டப்ளின் திருடனின் இரண்டு படங்கள்: சேர்த்துப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

பேச்சிலும் நடையிலும் எல்லோரையும் கவரும் திருடன், அவனைப் பிடிக்க முடியாமல் திணறும் காவல்துறை, ஒவ்வொரு திருட்டிலும் ஒரு வேடிக்கை என்று அமைந்த குற்ற நகைச்சுவைப் படங்கள் பல உண்டு. 2000ஆம் ஆண்டு வெளியான 'ஆர்டினரி டீசன்ட் கிரிமினல்' அந்த வகையைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதைச் சற்றுக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது. தாடியஸ் ஓ'சலிவன் இயக்கத்தில் கெவின் ஸ்பேசி நடித்த மைக்கேல் லிஞ்ச் என்ற அந்த நாயகன், டப்ளினில் வாழ்ந்து 1994இல் சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் காஹிலைப் பார்த்துப் படைக்கப்பட்டவன். அதே காஹிலைப் பற்றி, பெயரை மாற்றாமலேயே, ஜான் பூர்மன் 1998இல் 'தி ஜெனரல்' எடுத்திருந்தார். அந்தப் படத்திற்காக அந்த ஆண்டின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதும் பெற்றார்.

ஒரே மனிதனின் வாழ்க்கை இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு இயக்குநர்களின் கையில் இரண்டு விதமாக உருவெடுத்திருப்பது பார்வையாளருக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு திருடனை நாம் ரசிக்கும்படி செய்ய ஒரு படம் எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது, எதையெல்லாம் கண்ணில் படாமல் ஒதுக்குகிறது என்பது காட்சிக்குக் காட்சி புலப்படும். அப்படிப் பார்ப்பதற்கான வழியைத்தான் இங்கே சொல்கிறேன். படங்களின் முடிவைப் பற்றியும் பேச வேண்டியிருப்பதால், கதை தெரியாமல் பார்க்க விரும்புவோர் பார்த்து முடித்த பிறகு படிக்கலாம்.

பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரண்டு படங்களும் அயர்லாந்து மக்களுக்குத் தெரிந்த பல செய்திகளை விளக்காமலேயே கடந்து போகின்றன. அவற்றுள் சிலவற்றையாவது முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

காஹில் 1949இல் டப்ளினின் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சிறுவயதிலேயே திருட்டில் இறங்கி, பதின்வயதில் ஆஃபலி மாவட்டத்தின் டெய்ங்கன் என்ற ஊரிலிருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அந்தப் பள்ளியைக் கத்தோலிக்கத் துறவிகள் நடத்தினர். அங்கும் அதுபோன்ற பிற நிறுவனங்களிலும் சிறுவர்கள் அனுபவித்த கொடுமைகளை அரசு அமைத்த ஆணையம் 2009இல் வெளியிட்ட பெரிய அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. 'தி ஜெனரல்' அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே வந்த படம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், சிறுவன் மார்ட்டின் அந்தப் பள்ளியில் இருக்கும் சிறு பகுதியின் கனம் கூடும். அதிகாரம் என்று எது வந்தாலும், அது பாதிரியாராக இருந்தாலும் காவலராக இருந்தாலும் நகராட்சியாக இருந்தாலும், அவர் முகம் கொடுக்க மறுத்ததன் வேரை இயக்குநர் அங்கேதான் காட்டுகிறார்.

அடுத்ததாக, குடியிருப்பு. ராத்மைன்ஸ் பகுதியில் ஹாலிஃபீல்டு என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் காஹில் குடும்பத்தோடு வசித்தார். அதை இடிக்க நகராட்சி முடிவு செய்தபோது எல்லோரும் காலி செய்து போனார்கள். அவர் மட்டும் மறுத்தார். கட்டடம் இடிபட்ட பிறகும் அந்த இடத்தை விட்டு நகராமல் கூடாரம் போட்டுத் தங்கினார். பெரும் பணம் கையில் இருந்தபோதும் வேலையற்றோருக்கான அரசு உதவித்தொகையை அவர் வாரந்தோறும் வாங்கியதும், பின்னாளில் வசதியானவர்கள் வாழும் தெருவில் வீடு வாங்கியதும் உண்மைதான். கணக்கில் காட்ட முடியாத சொத்தைப் பறிமுதல் செய்வதற்கான தனி அமைப்பு அயர்லாந்தில் 1996இல்தான், அதாவது அவர் இறந்த பிறகுதான், ஏற்படுத்தப்பட்டது. இது தெரியாதவர்களுக்கு, கண்ணெதிரே சொத்துச் சேர்ப்பவனைக் காவல்துறை ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று குழப்பமாக இருக்கும்.

கார்டா என்று அழைக்கப்படும் அயர்லாந்துக் காவலர்களில் சீருடை அணிந்தவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. காஹிலின் கூட்டமோ ஆயுதம் தாங்கியது. நகைச்சுவைக் காட்சிகளில் காவலர்கள் ஏமாந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடாதீர்கள்.

ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவையும் ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய அந்த அமைப்பு, தெற்கே டப்ளினிலும் வேர்விட்டிருந்தது. பெரிய கொள்ளைக்காரர்களிடம் பங்கு கேட்கும் அளவுக்கு அதற்குச் செல்வாக்கு இருந்தது. 1994 ஆகஸ்ட் 18 அன்று ராணலாப் பகுதியில் சாலைச் சந்திப்பொன்றில் தன் காரில் இருந்த காஹில் சுட்டுக் கொல்லப்பட்டார்; அந்தக் கொலைக்கு ஐ.ஆர்.ஏ. பொறுப்பேற்றது. அதே மாதம் 31ஆம் நாள் அவ்வமைப்பு போர்நிறுத்தத்தை அறிவித்தது.

எதை முதலில் பார்ப்பது

நகைச்சுவைப் படத்தை முதலில் பாருங்கள். வெளியான வரிசைப்படி 'தி ஜெனரல்' முந்தியது என்றாலும், அதை முதலில் பார்த்துவிட்டால் மற்றதன் வேடிக்கையில் மனம் ஒட்டாது. குறை காண்பதற்காகவே பார்ப்பது போலாகிவிடும். லிஞ்சை முதலில் மனமார ரசித்துவிடுவதே சரி. அந்த ரசனை உங்களுக்குள் உண்டான பிறகுதான் அதைச் சோதித்துப் பார்க்க ஏதாவது இருக்கும். இரண்டு படங்களுக்கும் இடையில் ஓரிரு நாள் விடுங்கள். ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்த்தால் காட்சிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

'தி ஜெனரல்' கறுப்பு வெள்ளைப் படம். வண்ணத்தில் அமைந்த ஒரு வடிவமும் புழக்கத்தில் உண்டு. கிடைக்குமானால் கறுப்பு வெள்ளையையே தேர்ந்தெடுங்கள். சேமஸ் டீசியின் ஒளிப்பதிவில் ஈரமான டப்ளின் தெருக்களும், காஹிலாக நடித்த பிரெண்டன் கிளீசனின் பருத்த முகமும், இரவில் வீடு புகும் காட்சிகளின் நிழலும் அந்த நிறத்திற்காகவே அமைந்தவை. வண்ணம் சேர்ந்தவுடன் நாம் நன்கறிந்த நபர்களையும் பொருட்களையும் அண்மைக்காலத்துச் செய்தியாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். கறுப்பு வெள்ளை நம்மைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, இது ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லப்படும் கதை என்று நினைவூட்டுகிறது.

ஆங்கிலம் நன்கு தெரிந்தவர்களும் வசன வரிகளை இயக்கிக்கொள்வது நல்லது. டப்ளின் உழைக்கும் மக்களின் பேச்சு வேகமானது. பாதி நகைச்சுவை வாக்கியத்தின் வாலில் தொங்கிக்கொண்டு வரும். ஸ்பேசி அமெரிக்கர் என்பதால் அவர் பேசும் டப்ளின் வழக்கு பல இடங்களில் நழுவுவதை அயர்லாந்து விமர்சகர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். கிளீசன் டப்ளினிலேயே பிறந்தவர். இருவரின் பேச்சையும் ஒப்பிட்டுக் கேட்பதே ஒரு நல்ல பயிற்சி.

ஒவ்வொரு வேடிக்கைக்கும் யார் விலை கொடுத்தார் என்று குறித்துக்கொள்வது

இந்த முறையின் உயிர்நாடி இதுதான். படம் பார்க்கும்போது சிறு குறிப்பேடு ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சிரித்த ஒவ்வொரு காட்சிக்கும், அந்தத் திருட்டினால் நட்டப்பட்டவர் யார், அவர் திரையில் தோன்றுகிறாரா, தோன்றினால் அவருக்கு முகமும் பெயரும் உண்டா என்று ஒரு வரி எழுதுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம், அரசு அலுவலகம், கோடீசுவரரின் மாளிகை என்று முகமற்றவையே பெரும்பாலும் வரும். ரசிக்கத்தக்க திருடன் என்ற பாத்திரம் நிற்பதே இந்தத் தேர்வின் மேல்தான்.

'தி ஜெனரல்' படத்தில் வரும் வீடு வாங்கும் காட்சியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கான தொகையை ரொக்கமாக வங்கியில் செலுத்தி வரைவோலை வாங்கிக்கொள்ளும் நாயகன், காவல் நிலையத்தில் போய் நிற்கிறான். அந்த நேரத்தில் அவன் ஆட்கள் அதே வங்கியில் புகுந்து அதே பணத்தை அள்ளிச் செல்கிறார்கள். காவலர்களே அவனுக்குச் சாட்சி. அளவாக வெட்டப்பட்ட, அழகான காட்சி. பணம் போனது வங்கிக்குத்தானே என்று நம் மனம் எளிதில் சமாதானம் அடைந்துவிடுவதையும் அங்கே கவனிக்க வேண்டும். துப்பாக்கி முனையில் கை உயர்த்தி நின்ற வங்கி ஊழியரின் பக்கம் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக நிறுத்திப் பார்க்க வேண்டியது 1983ஆம் ஆண்டு நகைக் கொள்ளை. டப்ளினின் ஹாரல்ட்ஸ் கிராஸ் பகுதியில் இருந்த ஓ'கானர் நகைத் தொழிற்சாலையில் காஹிலின் கூட்டம் சுமார் இருபது லட்சம் ஐரிஷ் பவுண்டு மதிப்புள்ள தங்கத்தையும் வைரத்தையும் கொள்ளையடித்தது. அந்தக் காலத்தில் அயர்லாந்தில் நடந்த மிகப் பெரிய கொள்ளைகளில் அது ஒன்று. அதன் பிறகு அந்த நிறுவனம் மூடப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். காஹில் எந்த வர்க்கத்திலிருந்து வந்தாரோ, அதே வர்க்கத்து மக்கள் அவர்கள். பணக்காரரிடம் எடுக்கும் திருடன் என்ற படிமம் இந்த ஓரிடத்திலேயே தகர்ந்துவிடுகிறது. கொள்ளையின் திட்டத்தையும் துணிச்சலையும் ரசித்து முடித்ததும், மறுநாள் காலை வேலைக்கு வந்தவர்களைப் படம் நினைத்துப் பார்க்கிறதா என்ற கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

1982 ஜனவரியில் நடந்தது இதைவிடக் கொடியது. அரசு தடயவியல் ஆய்வகத்தின் தலைவர் ஜேம்ஸ் டோனவன், காஹிலுக்கு எதிரான வழக்கில் சாட்சியம் அளிக்கவிருந்தார். அவருடைய காரில் குண்டு வைக்கப்பட்டது. கால்களில் கடும் காயங்களோடு அவர் உயிர் பிழைத்து, பின்னர் மீண்டும் பணிக்குத் திரும்பினார். நாயகனை விரும்பும்படி செய்ய வேண்டிய எந்தப் படத்துக்கும் இது தொண்டையில் சிக்கும் முள். இரண்டு படங்களில் எதில் இந்த நிகழ்வு வருகிறது, வருகிற இடத்தில் அதற்கு முன்னும் பின்னும் என்ன காட்சி வைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்த்தால், அந்த இயக்குநர் தம் நாயகனிடம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டார் என்பது தெரிந்துவிடும்.

ஆணி அடிக்கும் காட்சி

'தி ஜெனரல்' முழுவதிலும் ஒரே ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்க நேரம் இருக்குமானால், இதைப் பாருங்கள். தன் கூட்டத்து இளைஞன் ஒருவன் பணத்தை எடுத்துவிட்டான் என்று சந்தேகிக்கும் நாயகன், அவன் கைகளை மேசைமீது வைத்து ஆணி அடிக்கிறான். வலியில் துடித்தும் அவன் தான் எடுக்கவில்லை என்றே சொல்கிறான். அவன் சொல்வது உண்மை என்று உறுதியானதும், அதே நாயகன் ஆணியைப் பிடுங்கி, அவனை அணைத்து, அக்கறையோடு மருத்துவமனைக்குக் கொண்டு போகிறான். உண்மையிலும் காஹில் தன் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரைத் தரையில் ஆணி அடித்துச் சித்திரவதை செய்தார் என்று பதிவாகியிருக்கிறது.

அந்தக் காட்சியில் கிளீசனின் குரலைக் கேளுங்கள். அது உயர்வதே இல்லை. சற்று முன்பு கேலி பேசி நம்மைச் சிரிக்க வைத்த அதே குரல், அதே இழுவை. காதலும் கருணையும் கொண்டவனாக இதுவரை நாம் கண்ட ஒருவனுக்குள்ளேயே இது இருந்தது என்று காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. பூர்மன் தம் நாயகனை நேசிக்கிறார், ஆனால் அவனுக்காகப் பொய் சொல்லவில்லை என்று நான் நம்புவது இந்தக் காட்சியின் பொருட்டுத்தான்.

பூர்மனுக்கும் காஹிலுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. விக்லோ மாவட்டத்தில் இருந்த பூர்மனின் வீட்டிலேயே காஹில் திருடியிருந்தார். அப்போது போன பொருட்களுள், தம் 1972ஆம் ஆண்டுப் படத்தின் இசைக்காக அவருக்குக் கிடைத்த தங்க இசைத்தட்டும் ஒன்று. படத்தில் நாயகன் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து அப்படி ஒரு தட்டை எடுத்துச் சென்று, அது தங்கமே இல்லை என்று கண்டு எரிச்சலடைகிறான். தம்மிடம் திருடியவனைப் பற்றி, தமக்கு நேர்ந்த இழப்பையே சிரிப்பாக்கி ஒருவர் படம் எடுத்திருக்கிறார் என்ற செய்தி தெரிந்திருந்தால், அந்தச் சில நொடிகள் வேறு விதமாகத் தெரியும்.

ஓவியங்களைப் பின்தொடர்வது

1986 மே மாதம் விக்லோவின் ரஸ்பரோ மாளிகையில் ஆல்ஃபிரட் பீட்டின் சேகரிப்பிலிருந்து 18 ஓவியங்கள் திருடு போயின. வெர்மீர், கோயா, ரூபன்ஸ், கெயின்ஸ்பரோ ஆகியோரின் படைப்புகள் அவற்றுள் இருந்தன. உத்தி மிக எளியது. கூட்டத்தார் எச்சரிக்கை மணியை வேண்டுமென்றே ஒலிக்கச் செய்துவிட்டுப் புதருக்குள் ஒதுங்கினார்கள். காவலர்கள் வந்து பார்த்து, எதுவும் நடக்கவில்லை, கருவியில்தான் கோளாறு என்று முடிவு செய்து திரும்பிப் போனார்கள். பிறகு அவர்கள் நிதானமாக உள்ளே சென்று ஓவியங்களை எடுத்தார்கள். ஏழு ஓவியங்கள் அருகிலேயே கைவிடப்பட்டன. மற்றவற்றை விற்க முடியாமல் காஹில் பல ஆண்டுகள் அலைக்கழிந்தார். உலகமே அறிந்த ஓவியத்தை வாங்க எந்தத் திருட்டு வியாபாரியும் முன்வர மாட்டான் என்ற பாடத்தை அவர் காலங்கடந்துதான் கற்றார். வெர்மீரின் கடிதம் எழுதும் பெண் 1993இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் மீட்கப்பட்டாள்.

நகைச்சுவைப் படம் இந்த இடத்தில் கதையை மாற்றிவிடுகிறது. லிஞ்ச் குறிவைப்பது கரவாஜியோவின் 'கிறிஸ்து கைது செய்யப்படுதல்' ஓவியத்தை. அந்த ஓவியம் டப்ளினில் உண்மையாகவே இருக்கிறது. இயேசு சபைத் துறவிகளின் இல்லத்தில் வேறொருவர் வரைந்ததென்று கருதப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்ததை 1990இல் அடையாளம் கண்டு, 1993 முதல் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதை யாரும் திருடவில்லை. நம்பியவர்களால் காட்டிக் கொடுக்கப்படுவதைச் சித்திரிக்கும் ஓவியம் என்பதால் திரைக்கதையாசிரியர் அதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். லிஞ்சின் கூட்டத்தில் நடப்பவற்றை அந்த ஓவியத்தோடு சேர்த்துப் பாருங்கள். டப்ளின் செல்பவர்கள் அதே கூடத்தில் வெர்மீரின் ஓவியத்தையும் பார்க்கலாம்.

நடிப்பில் கவனிக்க வேண்டியவை

காஹில் பொது இடங்களில் முகத்தைக் காட்ட மாட்டார். முகமூடியோடோ, கையால் முகத்தை மூடிக்கொண்டோதான் நீதிமன்றத்துக்கு வருவார். ஒருமுறை நிருபர்கள் முன் மிக்கி மவுஸ் படம் போட்ட உள்ளாடையைக் காட்டிக் கூத்தடித்தார். கிளீசன் விரல்களை விரித்து முகத்தில் வைத்து, அவற்றின் இடுக்கு வழியாகப் பார்க்கும் பாங்கைப் படம் முழுவதும் தொடருங்கள். முதலில் அது குறும்பு. காவலர்கள் இரவும் பகலும் வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கிய பிறகு அதே அசைவில் களைப்பு ஏறுகிறது. கடைசிப் பகுதியில், நீரிழிவு நோயும் தனிமையும் சேர்ந்த நிலையில், அது ஒளிந்துகொள்ளும் மனிதனின் செய்கையாகிவிடுகிறது. ஸ்பேசியின் லிஞ்சுக்கு இத்தகைய தேய்மானம் இல்லை. தொடக்கத்தில் இருந்த மிடுக்கு கடைசி வரை அப்படியே இருக்கிறது. அது நடிகரின் குறையன்று. நகைச்சுவைப் படத்தின் நாயகன் தேயக் கூடாது என்ற கட்டளையின் விளைவு.

இரண்டு படங்களிலும் மனைவியும் அவள் தங்கையும் நாயகனோடு குடும்பமாக வாழ்கிறார்கள். காஹிலின் வாழ்விலும் அப்படித்தான் இருந்தது. இதை இரு படங்களுமே பெரிதாக விளக்காமல், இயல்பான ஏற்பாடாகக் காட்டுகின்றன. 'தி ஜெனரல்' படத்தில் ஜான் வொய்ட் நடித்த ஆய்வாளர் கென்னி தனியொரு காவல் அதிகாரியின் சித்திரம் இல்லை; படத்துக்காக உருவாக்கிய பாத்திரம். ஆனாலும் நாயகனைப் போலவே தாமும் சட்டத்தை வளைக்கத் தொடங்கும்போது அவர் முகத்தில் தோன்றும் வெட்கத்தைத் தவறவிடாதீர்கள்.

முடிவுகளை ஒப்பிடுவது

'தி ஜெனரல்' கொலையோடுதான் தொடங்குகிறது. நாயகன் வீட்டை விட்டு வெளியே வந்து காரில் ஏறுகிறான், சுடப்படுகிறான், அதன் பிறகே காலம் பின்னோக்கிச் சுழன்று சிறுவயதுக்குப் போகிறது. அடுத்த இரண்டு மணி நேரமும் ஒவ்வொரு வெற்றியும் அந்த நொடியை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்பதாகத் தெரிகிறது. சிரிப்பு குறைவதில்லை, ஆனால் அதன் அடியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நகைச்சுவைப் படமோ உண்மை மனிதனுக்கு நேர்ந்த அந்த முடிவைத் தன் நாயகனுக்கு வழங்க மறுக்கிறது. பெயரை மாற்றியதால் கிடைத்த உரிமை அது. முடிவை மாற்றியது சரியா தவறா என்று உடனே தீர்ப்புச் சொல்வதைவிட, லிஞ்ச் தப்பிப்பதில் உங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி காஹில் இறப்பதைப் பார்த்த பிறகும் நிலைத்திருக்கிறதா என்று உங்களையே கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. குறிப்பேட்டின் வரிகளை அப்போது எடுத்துப் படியுங்கள்.

இன்னும் ஆர்வம் இருப்பவர்கள், பி.பி.சி.க்காக 1999இல் எடுக்கப்பட்ட 'விஷியஸ் சர்க்கிள்' என்ற தொலைக்காட்சிப் படத்தைத் தேடிப் பார்க்கலாம். அதில் காஹிலாக நடித்தவர் கென் ஸ்டாட். மூன்றையும் பார்த்து முடித்தவர்கள், ஆர்வமுள்ள நண்பர்கள் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஓவியக் கொள்ளை, காவலர்களின் கண்காணிப்பு, கடைசி நாள் ஆகிய மூன்றை மட்டும் எடுத்து ஒவ்வொரு படத்திலும் அடுத்தடுத்து ஓட்டிப் பேசுங்கள். முழுப்படத்தையும் விவாதிப்பதைவிட இது கூர்மையாக அமையும். வன்முறையும் கடும் சொற்களும் தாராளமாக இருப்பதால் சிறுவர்களை உடன் வைத்துக்கொள்ள வேண்டாம்; குறிப்பாக ஆணி அடிக்கும் காட்சி பெரியவர்களுக்கே தாங்குவது கடினம்.